2010-ஆம் ஆண்டின் தங்கப் பந்து: பிரான்ஸ் ஃபுட்பால் இதழுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரான்ஸ் ஃபுட்பால் ஆசிரியர் குழுவினருக்கும், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் டி ஓர் என்னும் தங்கப் பந்து விருதுக்கு வாக்களிக்கும் செய்தியாளர்களுக்கும்,

வணக்கம்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டுக்கான தங்கப் பந்து வாக்கெடுப்பில், செய்தியாளர்கள் அளித்த வாக்குகளை மட்டும் எண்ணினால் முதலிடம் பெற்றவர் நெதர்லாந்தின் வெஸ்லி ஸ்னைடர். அந்த உண்மையை உங்கள் விருது வரலாற்றில், 2010 என்ற ஆண்டுக்கு எதிரே, ஒரு வரியாக அச்சிடுங்கள். லயோனல் மெஸ்ஸியிடமிருந்து எதையும் திரும்பக் கேட்கவில்லை. வென்றவர் பெயர் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே அந்த ஒரு வரியும் இருக்கட்டும்.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். கால்பந்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்பும் ஓர் இளைஞன் இன்று முதலில் தேடிப் பார்ப்பது உங்கள் பட்டியலைத்தான். 1956-இல் ஸ்டான்லி மேத்யூஸிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒரு பெயராக நீளும் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் மெல்ல மெல்ல நினைவிலிருந்தும் நழுவிவிடுகிறார்கள். 2010-இல் முதல் மூவரில் கூட ஸ்னைடர் பெயர் இல்லை. அந்த ஆண்டு ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது இன்றுவரை விளங்காத ஒன்று. பார்க்காத தலைமுறைக்கோ, அப்படி ஒருவர் அந்த ஆண்டை ஆண்டார் என்பதே தெரியாமல் போகிறது.

ஸ்னைடர் 1984-இல் உத்ரெக்ட் நகரில் பிறந்தார். ஒன்டீப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, சிறு வயதிலேயே ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கால்பந்துப் பள்ளியில் சேர்ந்தார். உயரம் 170 சென்டிமீட்டர்தான். வலக்கால், இடக்கால் என்று வேறுபாடு பார்க்காமல் இரண்டாலும் ஒரே குறியோடும் ஒரே விசையோடும் அடிக்கக் கூடியவர். எதிரே நின்று தடுப்பவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. எந்தப் பக்கத்தை அடைப்பது என்று அவர் முடிவெடுப்பதற்குள் பந்து போய்விட்டிருக்கும். 2003-இல் அயாக்ஸ் முதல் அணியில் இடம், அதே ஆண்டு பதினெட்டு வயதில் நெதர்லாந்து அணியில் அறிமுகம். 2007-இல் 27 மில்லியன் யூரோ கொடுத்து ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. முதல் பருவத்திலேயே ஸ்பானிய லீக் பட்டம் கிடைத்தது.

பிறகு 2009-இன் கோடை வந்தது. காக்காவும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் மாட்ரிட் வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே இருந்த நெதர்லாந்து வீரர்களுக்கு வாசல் காட்டப்பட்டது. ஒரே வாரத்தில் அர்யென் ராபன் பேயர்ன் மியூனிக்குக்கும், ஸ்னைடர் இன்டர் மிலானுக்கும் போனார்கள். ஸ்னைடருக்கு இன்டர் கொடுத்த விலை சுமார் 15 மில்லியன் யூரோ. மாட்ரிட் வாங்கிய விலையில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

மிலானில் இறங்கிய ஓரிரு நாளிலேயே, ஆகஸ்ட் 29 அன்று, நகரத்தின் இரு அணிகளும் மோதும் டெர்பி. புதிய அணித் தோழர்களின் பெயர்களைக் கூட அவர் சரியாக மனத்தில் பதித்திருக்க முடியாது. பயிற்சியாளர் ஜோசே மொரீனியோ அவரை முதல் பதினொருவரில் இறக்கினார். இன்டர் 4-0 என்று வென்றது. முன்கள வீரர்களுக்கும் நடுக்களத்துக்கும் இடையே பந்தை வாங்கி, திரும்பி, ஒரே பாஸில் ஆட்டத்தைத் திறந்துவிடும் ஆள் இல்லாமல்தான் அதற்கு முந்தைய ஆண்டுகளில் இன்டர் ஐரோப்பிய அரங்கில் தடுமாறிக்கொண்டிருந்தது. அந்த ஆள் வந்துவிட்டார் என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது.

ஐரோப்பாவின் சிறந்த கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், அந்தப் பருவத்தில் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்த அனுமதியுங்கள். கோப்பையோடு முடிந்ததால் அந்தப் பயணம் எளிதாக நடந்தது போல இப்போது தோன்றுகிறது. நவம்பர் 4 அன்று கீவ் நகரில் டைனமோ கீவ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது இன்டர் 0-1 என்று பின்தங்கியிருந்தது. அப்படியே முடிந்திருந்தால் குழுச் சுற்றோடு இன்டர் வெளியேறும் நிலை. 86-ஆவது நிமிடத்தில் இன்டரின் முன்கள வீரர் டியாகோ மிலிட்டோ சமன் செய்தார். 89-ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் வெற்றிக் கோலை அடித்தார். மூன்று கோப்பைகளின் கதை என்று எல்லாரும் சொல்லும் கதை உண்மையில் அந்த மூன்று நிமிடத்தில்தான் உயிர் பிழைத்தது. காலிறுதியில் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியை அதன் சொந்த மைதானத்தில் 1-0 என்று வென்றபோது, அந்த ஒரு கோல் ஸ்னைடரின் ஃப்ரீ கிக்.

அரையிறுதியில் பார்சிலோனா. அன்றைய உலகின் மிகச் சிறந்த அணி. முந்தைய ஆண்டின் சாம்பியன். ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், பார்சிலோனா வீரர்கள் பஸ்ஸிலேயே மிலான் வரை வந்த வாரம் அது. ஏப்ரல் 20 அன்று பெட்ரோ அடித்த கோலால் பார்சிலோனா முந்தியது. அரை மணி நேரத்தில் ஸ்னைடர் சமன் செய்தார். முடிவு 3-1. இரண்டாவது சுற்றில் பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பத்துப் பேரோடு ஆடி, 0-1 என்ற தோல்வியோடு இன்டர் இறுதிக்குத் தப்பிச் சென்றது. அந்த இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் தற்காப்பை மட்டுமே எழுதுகிறார்கள். முதல் சுற்றில் மூன்று கோல் இல்லாமல் அந்தத் தற்காப்புக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

பேயர்ன் மியூனிக்கோடு இறுதிப் போட்டி மே 22. இடம் மாட்ரிட்டின் சாண்டியாகோ பெர்னபேயு மைதானம். ஒன்பது மாதங்களுக்கு முன் வேண்டாம் என்று அனுப்பப்பட்ட இரு நெதர்லாந்து வீரர்களும் எதிரெதிர் அணிகளில் அதே புல்தரையில் வந்து நின்றார்கள். 35-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் நீளமாக உதைத்த பந்தை மிலிட்டோ தலையால் ஸ்னைடரிடம் இறக்கினார். ஸ்னைடர் அதை ஒரு கணமும் வைத்துக்கொள்ளாமல் தற்காப்பு வீரர்களுக்கு நடுவே திருப்பித் தந்தார். மிலிட்டோ கோல் அடித்தார். மூன்று பேர், நாலைந்து தொடுகை. 2-0 என்று வென்று, இத்தாலிய லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் இத்தாலிய அணியானது இன்டர்.

இங்கேயே நின்றிருந்தாலும் விருதுக்குரியவர் என்று வாதாடலாம். ஆனால் மூன்று வாரத்தில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை தொடங்கியது.

டர்பனில் ஜப்பானுக்கு எதிராக 1-0, கோல் ஸ்னைடர். அதே நகரில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக 2-1. வெற்றிக்குத் தேவைப்பட்ட இரண்டாவது கோல் ஸ்னைடர். ஜூலை 2 அன்று போர்ட் எலிசபெத்தில் காலிறுதி. எதிரே பிரேசில். ரொபின்யோ கோலால் பிரேசில் முந்தியது. முதல் பாதியில் நெதர்லாந்தால் மூச்சுவிடவே முடியவில்லை. இரண்டாம் பாதியில் ஸ்னைடர் வலப்புறத்திலிருந்து உள்ளே வளைத்து அனுப்பிய பந்து, மோதிக்கொண்ட கோல்கீப்பரையும் ஃபெலிப்பே மெலோவையும் தாண்டி வலைக்குள் போனது. முதலில் மெலோவின் சொந்தக் கோல் என்று பதிவாகி, பின்னர் ஸ்னைடர் பெயருக்கு மாற்றப்பட்டது. அடுத்து ராபன் எடுத்த கார்னரை டிர்க் கைட் தலையால் உரசிவிட, நெடிதுயர்ந்த பிரேசில் தற்காப்பு வீரர்களுக்கு நடுவே, மைதானத்தின் மிகக் குள்ளமானவர்களில் ஒருவர் தலையால் முட்டிக் கோல் அடித்தார். அடித்துவிட்டுத் தன் மொட்டைத் தலையைத் தட்டிக்கொண்டே ஓடிய அந்த முகத்தை மறக்க முடியாது. கேப் டவுனில் உருகுவேக்கு எதிரான அரையிறுதியிலும் ஒரு கோல். மொத்தம் ஐந்து. தாமஸ் முல்லர், டேவிட் வில்லா, டியாகோ ஃபோர்லான் ஆகியோரோடு சேர்ந்து அந்தத் தொடரின் அதிகக் கோல். அவர்களில் நடுக்களத்திலிருந்தே ஆட்டத்தை இயக்கியவர் இவர். தொடரின் சிறந்த வீரர் பட்டியலில் ஃபோர்லானுக்கு அடுத்து வெள்ளிப் பந்து.

ஜூலை 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இறுதிப் போட்டி. இந்தியாவில் அப்போது நள்ளிரவு. ஸ்பெயினுக்கு எதிரே நெதர்லாந்து. 62-ஆவது நிமிடத்தில் தன் பாதியிலிருந்து ஸ்னைடர் செலுத்திய ஒரு பாஸ் ஸ்பெயினின் தற்காப்பை இரண்டாகப் பிளந்தது. ராபன் தனியாக ஓடினார். எதிரே கோல்கீப்பர் இகர் கசியாஸ் மட்டும். தவறான பக்கம் சாய்ந்துவிட்ட கசியாஸின் காலில், பூட்ஸின் நுனியில், பந்து பட்டு விலகியது. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது. கூடுதல் நேரத்தில் ஸ்னைடர் அடித்த ஃப்ரீ கிக் ஸ்பெயின் வீரர்களின் சுவரில் பட்டு வெளியே போனது; கார்னர் தந்திருக்க வேண்டும், நடுவர் கோல் கிக் என்று கைகாட்டினார். அடுத்து ஸ்பெயின் எடுத்துச் சென்ற பந்தில்தான் 116-ஆவது நிமிடத்தில் ஆந்திரேஸ் இனியெஸ்டாவின் கோல் வந்தது. நடுவர்களும் மனிதர்கள்தாம், அதைப் பற்றி இங்கே வழக்காட வரவில்லை. ஒரு மனிதனின் ஓர் ஆண்டு முழுவதையும் அளக்கும்போது, அடுத்தவர் பூட்ஸின் நுனியும் ஒரு கைகாட்டலும் எவ்வளவு தூரம் எடைபோடப்பட வேண்டும் என்பதே என் கேள்வி.

இனி வாக்கெடுப்புக்கு வருகிறேன். 2010-இல்தான் உங்கள் தங்கப் பந்தும் ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீரர் விருதும் முதன்முறையாக ஒன்றாக்கப்பட்டன. அதுவரை செய்தியாளர்கள் மட்டும் வாக்களித்து வந்த விருதில் தேசிய அணிகளின் தலைவர்களும் பயிற்சியாளர்களும் சேர்ந்தார்கள். மூன்று தரப்புக்கும் சம எடை. டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மூவரும் பார்சிலோனா வீரர்கள்: மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி ஹெர்னாண்டஸ். 2011 ஜனவரி 10 அன்று சூரிக்கில் முடிவு வந்தது. மெஸ்ஸி 22.65 சதவீதம், இனியெஸ்டா 17.36, சாவி 16.48. நான்காவதாக, 14.48 சதவீதத்தோடு ஸ்னைடர். செய்தியாளர்களின் வாக்கை மட்டும் எண்ணினால் அவரே முதல்வர் என்பது தரப்புவாரியான விவரம் வெளியானபோதுதான் தெரியவந்தது. அதாவது, 1956 முதல் 2009 வரை இருந்ததுபோல் செய்தியாளர்களே தீர்ப்பளித்திருந்தால், தங்கப் பந்து ஒன்டீப் பையனின் கைக்குப் போயிருக்கும்.

அதே மேடையில் நடந்த இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆண்டின் உலகச் சிறந்த பயிற்சியாளர் விருது மொரீனியோவுக்குக் கிடைத்தது. உலகக் கோப்பை வென்ற விசென்டே டெல் போஸ்கேயையும், பார்சிலோனாவின் பெப் கார்டியோலாவையும் தாண்டி. காரணம் இன்டரின் மூன்று கோப்பைகள். அதாவது, இன்டர் வென்றதே ஆண்டின் பெரிய சாதனை என்று வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சாதனையை மைதானத்தில் நிகழ்த்திய வீரர்களில் ஒருவர்கூட முதல் மூவரில் இடம்பெறத் தகுதியில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். தொழில்முறை வீரர்களின் வாக்கில் தேர்வான உலகின் பதினொருவர் அணியில் சாவி, இனியெஸ்டாவுக்கு நடுவே ஸ்னைடருக்கு இடம் இருந்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமோ ஆகஸ்டிலேயே அவரை அந்தப் பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் என்று அறிவித்திருந்தது. எதிர்த்து ஆடியவர்களுக்கும் ஐரோப்பிய அமைப்புக்கும் செய்தியாளர்களுக்கும் தெரிந்திருந்த ஒன்று, கூட்டுத் தொகையில் மட்டும் காணாமல் போனது.

மெஸ்ஸிக்கு நியாயம் இருந்ததா? இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2009-10 பருவத்தில் பார்சிலோனாவுக்காக 47 கோல். அதில் 34 லீக்கில். பார்சிலோனா 99 புள்ளிகளோடு லீக் பட்டம் வென்றது. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு மூவர் நால்வரைக் கடந்து போகும் அந்த ஆட்டத்துக்கு இணை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உலகின் ஆகச் சிறந்த கால்பந்து வீரர் யார் என்பது கேள்வியானால், 2010-இலும் பதில் மெஸ்ஸிதான். ஆனால் உங்கள் விருது கேட்கும் கேள்வி அது அல்லவே. அந்த ஆண்டில் யார் சிறந்தவர் என்பதே உங்கள் கேள்வி. உலகக் கோப்பையில் மெஸ்ஸி ஐந்து ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை; அர்ஜென்டினா காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என்று வீழ்ந்தது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அவர் அணியை வெளியேற்றியதே ஸ்னைடரின் அணி. உலகக் கோப்பை ஆண்டில் அந்தக் கோப்பையை இவ்வளவு இலகுவாகக் கண்டுகொள்ளாமல் விட்ட முடிவுகள் உங்கள் வரலாற்றில் அதிகம் இல்லை.

ஏன் அப்படி நடந்தது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. வாக்களித்த அணித்தலைவர்களும் பயிற்சியாளர்களும் நேர்மையற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் லீக்கிலும் தங்கள் கண்டத்துத் தகுதிச் சுற்றிலும் மூழ்கிக் கிடப்பவர்கள். கீவில் நவம்பர் இரவில் நடந்த ஆட்டத்தை அவர்கள் பார்த்திருப்பார்களா? வாரந்தோறும் எல்லா நாட்டுத் தொலைக்காட்சியிலும் வருகிற முகம் மெஸ்ஸியுடையது. விளம்பரத்தில் வருவதும் அவர்தான். வாக்குச்சீட்டில் மூன்று பெயரை நிரப்பச் சொன்னால், மனத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும் பெயரைக் கை எழுதிவிடுகிறது. புகழ் என்பது முந்தைய ஆண்டுகளின் சேமிப்பு. அதை வைத்து இந்த ஆண்டின் கணக்கைத் தீர்க்கும்போது, புதிதாக உழைத்தவன் தோற்றுப்போகிறான். ஆட்டத்தைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட செய்தியாளர்களின் தரப்பில் மட்டும் முடிவு வேறாக வந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. 2013-இலும் இதே கதைதான்: செய்தியாளர்கள் ஃபிராங்க் ரிபெரியை முதலிடத்தில் வைத்தார்கள், கூட்டுக் கணக்கு வேறொருவரைத் தேர்ந்தது.

ஸ்னைடருக்குப் புகழே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்குக் கிடைத்தது வேறு வகைப் புகழ். ஆடிய ஊர்களில் வேரூன்றிய புகழ். 2013 ஜனவரியில், ஊதியக் குறைப்பைப் பற்றிய நீண்ட மனக்கசப்புக்குப் பின் இன்டரை விட்டு இஸ்தான்புல்லின் கலாத்தாசராய் அணிக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பனிப்பொழிவால் பாதியில் நின்று, மறுநாள் பகலில், சேறும் பனியும் கலந்த தரையில் தொடர்ந்தது. பந்து உருள மறுத்த அந்தத் தரையில் 85-ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் கோல் அடித்தார். யுவென்டஸ் போட்டியை விட்டே வெளியேறியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஃபெனர்பாசேவுக்கு எதிரான டெர்பியில் ஆட்டம் முடியும் தறுவாயில் தொலைவிலிருந்து இரண்டு அடிகள், இரண்டு கோல்கள், 2-1 வெற்றி. கலாத்தாசராய் ரசிகர்களிடம் இந்த இரண்டு ஆட்டங்களைச் சொல்லிப் பாருங்கள். அன்று எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை சொல்வார்கள். நெதர்லாந்துக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 134. அந்நாட்டு வரலாற்றில் வேறு எந்த ஆண் வீரரும் அத்தனை ஆட்டம் ஆடியதில்லை. க்ரைஃப் இல்லை, வான் பாஸ்டன் இல்லை, வான் டெர் சார் கூட இல்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். உலகக் கோப்பைக்குப் பிறகு மொரீனியோ போய்விட்டார். அந்த இலையுதிர் காலத்தில் ஸ்னைடர் உடல்நலம் குன்றி, ஆட்டமும் தளர்ந்தது. வாக்குச்சீட்டுகள் நிரப்பப்பட்டது அந்த நேரத்தில்தான். ஆனால் ஓர் ஆண்டுக்கான விருது கடைசி இரண்டு மாதத்துக்கான விருதாகிவிடக் கூடாது. காலண்டர் ஆண்டுக்குப் பதிலாகப் பருவத்தைக் கணக்கில் கொள்வது என்று 2022-இல் நீங்களே விதியை மாற்றியது இதனால்தான் என்று நம்புகிறேன். இன்றைய விதிப்படி 2009 ஆகஸ்ட் முதல் 2010 ஜூலை வரை எடுத்துக்கொண்டால், அந்தத் தளர்ச்சி கணக்கிலேயே வராது.

இறுதிப் போட்டியில் நெதர்லாந்து முரட்டுத்தனமாக ஆடியது என்பார்கள். உண்மை. சாபி அலோன்சோவின் மார்பில் நைஜல் டி யோங் உதைத்த காட்சி யாருக்கும் பெருமை தருவதல்ல. யோஹான் க்ரைஃபே தன் நாட்டு அணியைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த ஆட்டத்தால் நெதர்லாந்தின் மீதிருந்த உலகின் அன்பு ஒரே இரவில் வடிந்துபோனது. அந்தக் கோபத்தின் ஒரு பகுதி ஸ்னைடர் தலையிலும் விழுந்திருக்கிறது. அணியின் முரட்டுத்தனத்துக்கு நடுவே அன்றும் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டார்கள்.

2010-க்குப் பிறகு அந்த உயரத்தை அவர் மறுபடி தொடவில்லையே என்பது மூன்றாவது வாதம். பெரும்பாலும் சரிதான். 2014 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக 88-ஆவது நிமிடத்தில் அடித்த சமன் கோல் போன்ற மின்னல்கள் வந்துபோயின; நைஸ், கத்தாரின் அல் கராஃபா என்று முடிந்த கடைசிப் பாதை அவ்வளவு ஒளிமிக்கதல்ல. மெஸ்ஸி, ரொனால்டோ அளவுக்குத் தானும் வந்திருக்கலாம், அதற்கான துறவு வாழ்க்கையில் தனக்கு நாட்டமில்லை என்று ஓய்வுக்குப் பின் அவரே வெளிப்படையாகச் சொன்னார். நீண்ட காலம் சிகரத்தில் இருந்தவர்களுக்கான மரியாதை வேறு, அதை யாரும் ஸ்னைடருக்குக் கேட்கவில்லை. விருதுக்கான அளவுகோல்களிலிருந்து வீரரின் ஒட்டுமொத்தப் பயணத்தை 2022-இல் நீக்கியதும் நீங்கள்தான். ஓர் ஆண்டை அந்த ஆண்டாக மட்டும் பார்க்க வேண்டும் என்ற அந்த முடிவை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அதே கண்ணோடு 2010-ஐயும் பாருங்கள் என்கிறேன்.

நீங்கள் பழைய முடிவுகளைத் திரும்பிப் பார்க்காதவர்கள் அல்ல என்பதே இந்த மடலை எழுத எனக்குத் துணிவு தந்தது. விருதின் அறுபதாவது ஆண்டையொட்டி, ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கதவு மூடியிருந்த காலத்தை மறுபரிசீலனை செய்து ஒரு மாற்றுப் பட்டியலை நீங்கள் வெளியிட்டீர்கள். பெலேவுக்கு ஏழு, மரடோனாவுக்கு இரண்டு, கரிஞ்சா, கெம்பெஸ், ரொமாரியோவுக்கு ஒவ்வொன்று என்று அதில் எழுதினீர்கள். பழைய வெற்றியாளர்களின் பெயர் எதுவும் அழிக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு நியாயம் பதிவானது. 2016-இல் ஃபிஃபாவோடு இருந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டு, வாக்கை மீண்டும் செய்தியாளர்களுக்கே கொடுத்தீர்கள். பழைய முறையே சரியானது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

2018-இல் இன்னொரு படி மேலே போனீர்கள். இனியெஸ்டா பார்சிலோனாவை விட்டு விலகவிருந்த வேளையில், அவருக்குத் தங்கப் பந்து கிடைக்காமல் போனதற்காக உங்கள் இதழ் தலையங்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. பெருந்தன்மையான செயல். இனியெஸ்டா அதற்குத் தகுதியானவர். அவர் ஆட்டத்தை நேசிக்காதவர் யார்? ஆனால் அதைப் படித்தபோது என் மனம் கனத்தது. 2010-இல் செய்தியாளர்களின் வாக்கில் இனியெஸ்டாவுக்கும் மேலே இருந்தவரைப் பற்றி யாரும் ஏன் ஒரு சொல்லும் எழுதவில்லை? உலகக் கோப்பையின் கடைசிக் கோலை அடித்தவரிடம் மன்னிப்புக் கேட்பது எளிது, உலகமே கைதட்டும். தோற்ற அணியில் இருந்தவரை நினைவில் வைத்திருப்பதற்குத்தான் வரலாற்றுப் பொறுப்பு தேவைப்படுகிறது. உங்களைப் போன்ற ஓர் இதழிடம்தான் அதை எதிர்பார்க்க முடியும்.

2020-இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி விருதையே ரத்து செய்தீர்கள். அடுத்த ஆண்டு மேடையில் நின்றுகொண்டு, ராபர்ட் லெவன்டோவ்ஸ்கிக்கு 2020-இன் தங்கப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று மெஸ்ஸியே சொன்னார். வென்றவரின் வாயிலிருந்து வந்ததால் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. பிறர் உழைப்பை மதிக்கத் தெரிந்த அந்த மனிதர், தன் பெயருக்குக் கீழே ஸ்னைடரைப் பற்றி ஒரு வரி அச்சானால் வருந்துவார் என்று நான் நினைக்கவில்லை.

நெதர்லாந்து இந்த விருதுக்குத் தந்தவை குறைவல்ல. க்ரைஃபுக்கு மூன்று, மார்கோ வான் பாஸ்டனுக்கு மூன்று, ரூட் குலிட்டுக்கு ஒன்று. 1988-இல் முதல் மூன்று இடங்களும் அந்நாட்டு வீரர்களுக்கே. 1992-இல் வான் பாஸ்டன் வென்றதற்குப் பின் யாருமில்லை. 2019-இல் விர்ஜில் வான் டைக் வெறும் ஏழு புள்ளி வித்தியாசத்தில் மெஸ்ஸியிடம் இழந்தார். அது முறையாக எண்ணி முறையாகத் தோற்ற தோல்வி, அதில் முறையிட ஏதுமில்லை. 2010 அப்படிப்பட்டதல்ல. அங்கே எண்ணும் முறையே அந்த ஆண்டில்தான் மாறியது, பின்னர் நீங்களே அதைக் கைவிட்டீர்கள்.

எனவே ஆசிரியர் குழுவிடம் நான் கேட்பவை இவை. 2010 முதல் 2015 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கும், செய்தியாளர், அணித்தலைவர், பயிற்சியாளர் என்று மூன்று தரப்பின் முடிவையும் தனித்தனியே உங்கள் நிரந்தரப் பட்டியலில் சேருங்கள். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்காக நீங்கள் தயாரித்த மாற்றுப் பட்டியலின் வரிசையில், 2010-க்கு எதிரே ஸ்னைடரின் பெயரை எழுதுங்கள். இனியெஸ்டாவுக்கு எழுதியது போல, உத்ரெக்ட்காரருக்கும் ஒரு தலையங்கம் எழுதுங்கள். 2019-இல் ஓய்வுபெற்ற அவர் இன்னும் இளமையோடு இருக்கிறார், வாழும்போதே படிக்கட்டும்.

வாக்களிக்கும் செய்தியாளர்களே, முதல் நூறு நாடுகளிலிருந்து ஆளுக்கொரு சீட்டோடு இன்று நீங்கள் மட்டுமே தீர்ப்பளிக்கிறீர்கள். உங்களுக்கு முன் இருந்தவர்கள் 2010-இல் மிகுந்த வெளிச்சத்தில் நின்ற பெயரை விட்டுவிட்டு, கீவிலும் மாட்ரிட்டிலும் போர்ட் எலிசபெத்திலும் தாங்கள் கண்டதை எழுதினார்கள். அவர்கள் எழுதியது கூட்டலில் கரைந்துபோனது. இந்த ஆண்டு உங்கள் சீட்டை நிரப்புவதற்கு முன், அந்தப் பருவத்தில் நீங்கள் நேரில் பார்த்த, கண்விழித்துப் பார்த்த ஆட்டங்களின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயரை அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் குழுவின் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்க் கால்பந்து ரசிகன்